பழைய மிலிட்டரி தோட்டா சுடுறவங்களுக்கு: உப்ப கண்டுபிடிக்கிறதும் துப்பாக்கிய காப்பாத்துறதும்

பெர்த், மெல்பர்ன் பக்கம் வேலைக்குப் போன நம்ம சுங்கை சிப்புட் பசங்க சில பேரு அங்க ரைஃபிள் கிளப்புல சேர்ந்து, முறையா லைசன்ஸ் எடுத்து, கையோட ஒரு பழைய பிரிட்டிஷ் மிலிட்டரி ரைஃபிள், லீ என்ஃபீல்ட் .303, வாங்கி வெச்சிக்கிறாங்க, அதுல ஒண்ணும் தப்பு இல்ல, நல்ல துப்பாக்கி, நல்ல பொழுதுபோக்கு. ஆனா கொஞ்ச நாள்ல வாட்சப்புல ஒரு போட்டோ வரும், "மாமா, பேரல் உள்ள செவப்பா என்னமோ படர்ந்திருக்கு, சுட்டு முடிச்ச அன்னைக்கே எண்ணெ போட்டுத் தொடச்சிதான் வெச்சேன்"னு. தம்பி, தப்பு எங்கன்னா எண்ணெ மட்டும் போட்டதுலதான். உள்ள இருந்தது உப்பு, உப்பு எண்ணெயில கரையாது, எண்ணெய்க்கு அடியில சொகமா உக்காந்து இரும்ப அரிச்சிக்கிட்டே இருக்கும். மலிவா கெடைக்குதுன்னு வாங்குற பழைய மிலிட்டரி தோட்டாவுல நெறையதுக்கு இந்தக் கதைதான், அதனால எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது, எப்படி சுடுறது, எப்படி கழுவுறதுன்னு ஒரே எடத்துல எழுதி வெச்சிடுறேன். நான் ஆர்மியில ஆயுதக் கிடங்குல வேலை பாத்து ரிட்டையர் ஆனவன், இப்ப ஊருலதான் இருக்கேன்.

அதுக்கு முன்னாடி ஊருல இருக்கவங்களுக்கு ஒண்ணு சொல்லிடணும், இது ரொம்ப முக்கியம். கீழ எழுதப்போறது எதுவும் மலேசியாவுல வீட்டுல உக்காந்து செய்யிற வேலை இல்ல. 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாம ஒரே ஒரு தோட்டா வெச்சிருந்தாலும் குத்தம், 7 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லாட்டி 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். துப்பாக்கியே சிக்குச்சுன்னா 1971ஆம் வருஷத்து சட்டம் வேற இருக்கு, அதுல ரோத்தான், அதான் பிரம்படி வரைக்கும் போகும். நம்ம ஊரு வரலாறு உங்களுக்கே தெரியும், 1948 ஜூன் 16ஆம் தேதி இங்க சுங்கை சிப்புட் பக்கத்துலதான் மூணு வெள்ளக்கார தொரைங்கள கம்யூனிஸ்டுங்க சுட்டாங்க, அதோட வெள்ளக்கார அரசாங்கம் அவசரகாலம் போட்டான், 1960 வரைக்கும் ஓடுச்சு. அந்த 12 வருஷத்துல தோட்டத்துக்குத் தோட்டம் எஸ்.சி.ங்க, அதான் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், ரைஃபிள் தூக்கிட்டு நின்னாங்க, காட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் சுட்டுக்கிட்டாங்க. அதனால பால் மரத்த சாய்ச்சிட்டு செம்பனை போட எக்ஸ்கவேட்டர் தோண்டும்போதோ, பழைய லயத்து வீட்ட இடிக்கும்போதோ பச்சைக் களிம்பு புடிச்ச தோட்டா கெடைச்சா ஆச்சரியமே இல்ல. கெடைச்சா தொடாதீங்க, பாக்கெட்ல போட்டு போலீஸ் பாலாய்க்குக் கொண்டு போறேன்னும் கெளம்பாதீங்க, அந்த எடத்துல ஒரு குச்சி நட்டு அடையாளம் வெச்சிட்டு 999க்கு அடிங்க, போலீஸ் வந்து பாத்துக்குவாங்க, தோட்டாவ விட பெருசா ஏதாவது இருந்தா குண்டு செயலிழக்க வைக்கிற யூனிட்டும் வரும். செத்துப்போன தாத்தா பெட்டிக்குள்ள கெடைச்சாலும் இதேதான். பாலிஷ் போட்டு சாவிக்கொத்துல மாட்டிக்கலாம்னு நெனைக்கிற புண்ணியவான்களுக்கு நான் வேற என்ன சொல்ல. வெளிநாட்டுல கிளப்புக்குப் போறவங்களும் ஊருக்கு லீவுல வரும்போது பேக்க ஒரு தடவ உதறிப் பாத்துட்டு வாங்க, ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போன அதே பேக்ல ஒரு தோட்டா மூலையில கெடந்து ஏர்போர்ட்டுல ஸ்கேன்ல தெரிஞ்சா கதை வேற மாதிரி ஆயிடும்.

சரி, இனிமே லைசன்ஸ் உள்ள ஊருல, லைசன்ஸ் உள்ள ஆளுங்களுக்கு.

இந்த துரு எங்கேர்ந்து வருது? நெறைய பேரு தோட்டாவுக்குள்ள இருக்குற வெடிமருந்துதான் காரணம்னு நெனைக்கிறாங்க. மருந்து இல்ல, தோட்டாவோட அடியில இருக்குற சின்ன தொப்பி, பிரைமர், அதுதான். பழைய பிரைமர்ல பொட்டாசியம் குளோரேட் போடுவாங்க, சுட்டவொடனே அது ஆக்ஸிஜன கக்கிட்டு பொட்டாசியம் குளோரைடா மாறிடும், சாப்பாட்டு உப்போட கூடப்பொறந்த உப்பு. அது புகையோட சேர்ந்து பேரல் முழுக்க, பேரலோட பின்பக்கத்த மூடுற இரும்புக் கட்டை, அதான் போல்ட், அதோட மொகத்துல, வெடிச்ச கேஸ் போற வழியெல்லாம் மெலிசா படிஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் சாம்பல்னு நெனைச்சிக்குவீங்க. அந்த உப்பு தானா இரும்ப திங்கிறது இல்ல, காத்துல இருக்குற ஈரத்த இழுத்து கரைஞ்சி உப்புத்தண்ணியா நிக்கும், அதுக்கப்புறம்தான் வேலைய ஆரம்பிக்கும். 25 டிகிரி சூட்டுல காத்து ஈரப்பதம் ஏறக்குறைய 84 சதவீதத்தத் தாண்டுச்சுன்னா பொட்டாசியம் குளோரைடு தானாவே தண்ணியா ஆயிடும். நம்ம ஊருல விடியக்காலையில ஈரப்பதம் சாதாரணமா 90க்கு மேலதான், பால் வெட்டப் போனவங்களுக்கு சட்டை நனையிறத வெச்சே தெரியும், அதனால இங்க ஒரு ராத்திரி போதும். பெர்த்துல டிசம்பர் வெயில்ல காத்து வறண்டு கெடக்கும், ரெண்டு நாள் கழுவாம வெச்சாலும் சில சமயம் ஒண்ணும் ஆகாது, ஒடனே "அதெல்லாம் சும்மா பயமுறுத்துறாங்க மாமா"ன்னு ஒருத்தன் சொல்வான், அதே ஆளு ஜூன் ஜூலை மழையில அதே மாதிரி விட்டுட்டு வந்து பேரல் உள்ள டார்ச் அடிச்சிப் பாக்கும்போது வாய் அடைச்சிடும்.

அப்ப ஏன் ராணுவம் இத விடாம வெச்சிருந்துச்சுன்னு கேக்கலாம். உப்பு வராத பிரைமர் ஜெர்மனிக்காரன் 1920கள் கடைசியிலேயே கடைக்குக் கொண்டு வந்துட்டான், ஆனா கிடங்குல வருஷக்கணக்கா கெடந்தாலும் அடிச்சா வெடிக்கணும்ங்கிறதுதான் ராணுவத்துக்கு வேணும், அதுல குளோரேட் பேரு எடுத்த பொருளு, சிப்பாய்க்கு எப்படியும் தெனம் துப்பாக்கி கழுவுறது உத்தரவு. ரஷ்ய பக்கம் ரொம்ப காலம் அப்படியே ஓட்டுனாங்க. பழைய பிரிட்டிஷ் பிரைமர்ல இன்னொரு சாமான் வேற, பாதரசம் கலந்த ஃபல்மினேட், அது பேரல ஒண்ணும் பண்ணாது, சுட்ட பிறகு மிஞ்சுற காலி பித்தளைக் கூடு, அதத்தான் பொடிப்பொடியா ஒடையிற மாதிரி பண்ணிடும், அத கடைசியில சொல்றேன்.

இப்ப அடையாளம். இங்கதான் நெறைய பேரு குறுக்கு வழி தேடி ஏமாறுறாங்க. இரும்புக் கூடா இருந்தா உப்பு, பித்தளையா இருந்தா சுத்தம்னு ஒரு பேச்சு உண்டு, நம்பாதீங்க. யூகோஸ்லாவியா பழைய மிலிட்டரி 7.62×39 சைஸ் எம்67 தோட்டா பளபளன்னு பித்தளையில இருக்கும், உள்ள முழு உப்பு. அதுக்கு நேர்மாறா இன்னைக்கு ரஷ்யாக்காரன் கடைக்குன்னு செஞ்ச இரும்புக் கூட்டு துலா, பர்னால் தோட்டாவுல உப்பு கெடையாது. இன்னொரு பேச்சு, கூட்டுக்குள்ள எட்டிப் பாரு, ஒரே ஒரு ஓட்டை நடுவுல இருந்தா பாக்ஸர் வகை பிரைமர், அது சுத்தம், ரெண்டு சின்ன ஓட்டை இருந்தா பெர்டான் வகை, அது உப்புன்னு. இதுவும் முழுசா சரி இல்ல, ரெண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க .30-06 பாக்ஸர்தான், ஆனா உப்பு இருக்கு. மேல சொன்ன ரஷ்ய கடைத் தோட்டா பெர்டான், ஆனா உப்பு இல்ல. பிரைமர சுத்தி செவப்பு அரக்கு பூசியிருக்கு அதனால உப்புன்னு சொல்றவன் இருக்கான், அரக்கு தண்ணி எறங்காம இருக்கத்தான் பூசுறது, அத வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது.

அப்ப எத நம்புறது? தோட்டாவ தலைகீழா புடிச்சி அடியில அடிச்சிருக்குற முத்திரைய படிங்க. நல்ல வெளிச்சம் வேணும், வயசான கண்ணுன்னா பூதக்கண்ணாடி, அழுக்கா இருந்தா துணியால ஒரு தொடை, மணல் தாளு மட்டும் போடாதீங்க. ரஷ்ய 7.62×54ஆர்னா மேல ஃபேக்டரி நம்பர், கீழ வருஷம் ரெண்டு இலக்கத்துல இருக்கும். 188னா நோவோசிபிர்ஸ்க், 17னா பர்னால், 60னா ஃபிரூன்ஸ், இப்ப பிஷ்கெக்னு சொல்ற ஊரு. சோவியத் காலத்து மிலிட்டரி சரக்குன்னா கேள்வியே வேண்டாம், உப்புன்னே வெச்சிக்கோங்க. இது பெரும்பாலும் பச்சையா பெயிண்ட் அடிச்ச சீல் வெச்ச தகர டப்பாவுல வரும், ஒரு டப்பாவுல 440 தோட்டா, சார்டின் தகரம் தொறக்குற சாமானெல்லாம் அதுக்கு ஆகாது, அதுக்குன்னே ஒரு தொறப்பான் மரப்பெட்டியோட வரும், ஓரம் கத்தி மாதிரி நிக்கும், கையில தடியான கிளவுஸ் போட்டுக்கோங்க.

அதே நேரத்துல குண்டு மூக்குல கலர் இருக்கான்னும் பாருங்க, இது உப்பு விஷயம் இல்ல, ஆனா உப்ப விட பெரிய விஷயம். இந்த 7.62×54ஆர்ல வெள்ளி மூக்குன்னா உள்ள இரும்பு மையம் இருக்குற சாதாரண குண்டு, மஞ்சள்னா கனமான குண்டு, பச்சைன்னா போற வழியெல்லாம் எரிஞ்சி வெளிச்சம் காட்டுற ட்ரேசர், கருப்பும் செவப்பும்னா கவசத்தத் தொளச்சி தீ வைக்கிற குண்டு. பச்சையும் கருப்பு செவப்பும் கண்ணுல பட்டா கிளப்புல ரேஞ்ச் ஆபீஸர் கையில காட்டிட்டு அவரு சொல்றத செய்யிங்க, காஞ்ச புல்லு இருக்குற ஆஸ்திரேலியா ரேஞ்சுல ஒரு ட்ரேசர் போதும் ஊரே எரிய. நெறைய ரேஞ்சுல இரும்பு மையமே கூடாதுன்னு ரூல் இருக்கு, ஒரு காந்தத்த மூக்குல ஒட்டிப் பாப்பாங்க, ஒட்டுனா வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க.

.303தான் நம்ம ஆளுங்க அதிகமா வெச்சிருக்குறது, அதனால அத கொஞ்சம் விரிவா சொல்றேன். அடியில கே இருந்தா கைனாக், ஆர்ஜி இருந்தா ராட்வே கிரீன், ரெண்டும் பிரிட்டிஷ் ஃபேக்டரி, எம்எஃப் இருந்தா ஆஸ்திரேலியா ஃபுட்ஸ்கிரே, பிஓஎஃப் இருந்தா பாகிஸ்தான். கூடவே 7ன்னோ ரோமன் எண்ணுல அதே ஏழோ இருக்கும், அது மார்க் 7 குண்டுன்னு அர்த்தம். அந்த 7 பக்கத்துல இசட் எழுத்து இருந்தா உள்ள நைட்ரோசெல்லுலோஸ் மருந்து, இசட் இல்லாட்டி கார்டைட், அதாவது மருந்து பொடியா இருக்காது, காஞ்ச சேமியா மாதிரி நீள நீளமா பழுப்புக் குச்சியா கட்டா நிக்கும், மேல ஒரு வட்ட அட்டை மூடி வெச்சிருப்பான், கூட்டோட கழுத்த ஒடுக்குறதுக்கு முன்னாடியே அந்தக் குச்சிய உள்ள எறக்கிடுவாங்க. இசட் மருந்தோட வகைய மட்டும்தான் சொல்லுது, பிரைமர பத்தி சொல்லல, இத மறந்துட்டு இசட் இருக்கு அதனால சுத்தம்னு முடிவு கட்டாதீங்க. பழைய பிரிட்டிஷ், இந்திய, பாகிஸ்தான் .303 எல்லாத்தையும் உப்புன்னே வெச்சிக்கிட்டு கழுவுங்க. கவலை இல்லாம சுடலாம்னா ஹெச்எக்ஸ்பின்னு போட்ட கிரீஸ் நாட்டு சரக்கு, அது பாக்ஸர், உப்பும் இல்ல. போர்க்கால கனடா தோட்டாவுல டிஐயும் இசட்டும் சேர்ந்து இருந்தா அதுவும் அப்படித்தான். இன்னைக்குக் கடையில புதுசா விக்கிற செர்பியா பிபியு .303 வாங்குனா இந்தக் கதையே வேண்டாம், வெலை கொஞ்சம் கூட, ஆனா எனக்குக் கேட்டா அதத்தான் சொல்வேன்.

அமெரிக்காவுல இருக்கவங்களுக்கு: அங்க செஞ்ச .30 கார்பைன் தோட்டா மொதல் நாள்லேர்ந்தே உப்பு இல்லாமத்தான் செஞ்சான், ஏன்னா அந்தத் துப்பாக்கியோட கேஸ் பிஸ்டன சிப்பாய் கழட்டிக் கழுவ முடியாது. .30-06 வேற கணக்கு, 1950கள் தொடக்கத்துல ஒவ்வொரு ஃபேக்டரியும் ஒவ்வொரு நேரத்துல மாறுச்சு, அங்க ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதச்சாலையில போட்டி சுடுறதுக்குன்னு செஞ்ச சில தோட்டாவுல அதுக்கப்புறமும் பழைய பிரைமர் இருந்துச்சு. அதனால 1940கள் முத்திரைன்னா உப்பு, 50கள் நடுவுல வரைக்கும் சந்தேகம், அதுக்கப்புறம் நிம்மதி. வட்டத்துக்குள்ள கூட்டல் குறி போட்ட நேட்டோ 7.62 பெரும்பாலும் பிரச்சனை இல்ல. துருக்கி, ருமேனியா, யூகோஸ்லாவியா பழைய 8 மில்லிமீட்டர் மவுசர் எல்லாம் உப்பு.

முத்திரைய வெச்சி முடிவுக்கு வர முடியலைன்னா ஒரு சோதனை இருக்கு, பழைய ஆளுங்க ஆணி டெஸ்ட்னு சொல்வாங்க. அந்த சரக்குல ஒரு தோட்டா எடுத்து, குண்டு கழட்டுற கருவியால குண்ட கழட்டி மருந்த கொட்டிடுங்க, கலர் மூக்கு தோட்டாவுல மட்டும் இத எக்காரணம் கொண்டும் செய்யாதீங்க. கார்டைட்னா அட்டை மூடிய எடுத்துட்டு குச்சிய இடுக்கியால உருவணும். இப்ப கையில பிரைமர் மட்டும் இருக்குற காலிக் கூடு. ரெண்டு இரும்பு ஆணிய மணல் தாளு போட்டு வெள்ளையா தேச்சி, ஆல்கஹால்ல தொடச்சி எண்ணெ இல்லாம வெச்சிக்கோங்க, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஆணி, நாகம் பூசுன ஆணி எதுவும் ஆகாது. ரேஞ்சுல, கண்ணாடியும் காது மூடியும் போட்டுக்கிட்டு, துப்பாக்கி வாய்க்கு ரெண்டு விரக்கடை தள்ளி ஒரு ஆணிய வெச்சி அந்தக் காலிக் கூட்ட சுடுங்க, டப்புன்னு சின்ன சத்தம் வரும், ஆணியில கருப்பா புகை படியும். பேரல ஈரத்துணியால உப்பு போக தொடச்சிட்டு இன்னொரு ஆணிக்கு நிச்சயமா உப்பு இல்லாத புது கடைத் தோட்டாவுல அதே மாதிரி செய்யிங்க. ரெண்டையும் பேரு எழுதி பாத்ரூம் ஓரத்துல, தண்ணி நேரா படாத எடத்துல வெச்சிட்டு சில நாள் விடுங்க. உப்பு இருக்குற ஆணி புகை பட்ட பக்கம் மட்டும் ஆரஞ்சு கலர்ல பொரிஞ்சிக் கெடக்கும், மத்தது லேசா மங்கியிருக்கலாம் அவ்வளவுதான். ஒத்துப் பாக்க அந்த ரெண்டாவது ஆணி இல்லாட்டி சோதனைக்கே அர்த்தம் இல்ல, ஏன்னா ஈரத்துல வெச்சா சும்மா இருக்குற ஆணியும் துருப்பிடிக்கும். ஒரே பெட்டியில நாலு விதமான முத்திரை கலந்திருந்தா ஒண்ண சோதிச்சி மத்ததுக்கு முடிவு சொல்ல முடியாது, முத்திரை வாரியா பிரிச்சிக்கோங்க. இவ்வளவு கஷ்டம் எதுக்கு மாமான்னு கேட்டா, நியாயமான கேள்விதான், நான் பேசாம உப்புன்னு வெச்சிக்கிட்டு கழுவிடுவேன், தண்ணிக்கு காசா பணமா.

சுடுறதுக்கு முன்னாடி தோட்டா ஒவ்வொண்ணையும் கையில எடுத்து உருட்டிப் பாக்கணும், இதுல சோம்பல் கூடாது. கழுத்துல முடி அளவு விரிசல், கூட்டுல பச்சையா குழிவிழுந்து அரிச்சது, குண்டு கையால திருகுனா ஆடுறது, பிரைமர் வெளிய தள்ளி நிக்கிறது, இதெல்லாம் தனியா ஒதுக்கி கிளப்புல ஒப்படைச்சிடுங்க. சைஸ் சரியான்னு ரெண்டு தடவ பாருங்க, 7.62ன்னு எழுதியிருந்தா எல்லாம் ஒண்ணு இல்ல, ×39, ×51, ×54ஆர் மூணும் மூணு வேற தோட்டா. அதே மாதிரி இந்தியா இஷாப்பூர்ல செஞ்ச 2ஏ ரைஃபிள் பாக்குறதுக்கு .303 லீ என்ஃபீல்ட் கணக்காவே இருக்கும், ஆனா அது 7.62 நேட்டோ சுடுறது, மேகஸின் மட்டும் கொஞ்சம் கட்டமா இருக்கும். துப்பாக்கி மேல அடிச்சிருக்குறத படிங்க, வித்தவன் வாயால சொன்னத நம்பாதீங்க. பழைய துப்பாக்கின்னா ஒரு தடவயாவது துப்பாக்கி ரிப்பேர் பாக்குற கன்ஸ்மித்கிட்ட ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவுல இருக்குற எடைவெளி, பாக்கச் சொல்லுங்க.

சுடும்போது ரெண்டு விஷயம். ட்ரிக்கர் அழுத்துன பிறகு டிக்குன்னு சத்தம் மட்டும் வந்து வெடிக்கலைன்னா ஒடனே போல்ட்ட தொறக்காதீங்க. பழைய பிரைமர் சில சமயம் யோசிச்சி யோசிச்சி வெடிக்கும், பாகிஸ்தான் பிஓஎஃப் .303க்கு இதுல கெட்ட பேரே உண்டு, டிக்… அப்புறம் டமார். வாய் டார்கெட் பக்கமே இருக்கட்டும், தோள்லேர்ந்து எடுக்காம கொறைஞ்சது 30 செகண்ட் எண்ணுங்க, ஒரு நிமிஷம்னாலும் நல்லதுதான், அப்புறம் மொகத்த தள்ளி வெச்சி தொறங்க. ஒரே பெட்டியில இது திரும்பத் திரும்ப வந்தா அந்தப் பெட்டிய அதோட விட்டுடுங்க, மிச்சம் புடிக்கிற எடம் இது இல்ல. ரெண்டாவது, சத்தம் மெதுவா வந்து தோள்ல ஒதை இல்லாம போச்சுன்னா நிறுத்துங்க, குண்டு பேரல் நடுவுல மாட்டியிருக்கும், அடுத்தத சுட்டா பேரல் பொளந்துடும். போல்ட்ட கழட்டிட்டு பின்பக்கமா வெளிச்சம் தெரியுதான்னு பாத்துட்டுத்தான் மேல பேசணும்.

இப்ப கழுவுறது. எங்க பெரியப்பா எஸ்.சி.யா தோட்டத்து காவல்ல இருந்தவரு, துப்பாக்கிய பத்தி அவரு பேசுனா சண்டைய பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டாரு, கொதிக்கிற தண்ணி, வளைஞ்ச குழாய் வெச்ச தகரப் புனல், சார்ஜென்ட் பேரலுக்குள்ள கண்ண வெச்சிப் பாக்குறது, இதையேதான் சொல்வாரு. அந்த முறைதான் இன்னைக்கும் சரியான முறை. உப்பக் கரைக்கிறது தண்ணி, வேற மந்திரம் கெடையாது. கண்ணாடி தொடைக்கிற ஸ்ப்ரே அடிச்சா அதுல இருக்குற அமோனியா உப்ப முறிச்சிடும்னு ஒரு நம்பிக்கை ஓடுது, அமோனியா ஒண்ணும் முறிக்கல, அந்த ஸ்ப்ரேல இருக்குற தண்ணிதான் வேலை செய்யுது, ஆனா அந்த சின்ன பாட்டில்ல எவ்வளவு தண்ணி வரும். டபிள்யூடி 40யும் அப்படித்தான், தண்ணிய தள்ளும், உப்ப கரைக்காது.

சுட்ட அன்னைக்கே, முடிஞ்சா ரேஞ்சுலேர்ந்து கெளம்புறதுக்கு முன்னாடியே ஃபிளாஸ்க்ல கொண்டு போன சுடுதண்ணிய கொஞ்சம் ஊத்தி ஒரு துணிய இழுத்துடுங்க, வீட்டுக்கு வந்து முழுசா செஞ்சிக்கலாம். துப்பாக்கி காலியான்னு கண்ணால பாத்து, விரல விட்டும் பாத்துட்டு போல்ட்ட கழட்டி, மேகஸின எடுத்துடுங்க. மரக்கட்டைய கழட்ட வேண்டாம், லீ என்ஃபீல்ட்ல முன்கட்டை உக்காந்திருக்குற விதம்தான் குறி சரியா போறதுக்கு காரணம், சும்மா சும்மா கழட்டுனா அது கெட்டுடும், அதுக்கு பதிலா துணிய சுத்திக்கோங்க. புனல்ல ஒரு சிலிக்கான் குழாய் மாட்டி அந்த நுனிய சேம்பர்ல, அதாவது தோட்டா உக்கார்ற எடத்துல, சொருகி, வாய்ப்பக்கம் பக்கெட்டுக்குள்ள இருக்குற மாதிரி நிக்க வெச்சி, கொதிச்ச தண்ணிய ஒரு லிட்டருக்குக் கொறையாம மெதுவா ஊத்துங்க. மொதல்ல வர்ற தண்ணி கருப்பா வரும், அப்புறம் தெளியும். பேரல் கை வைக்க முடியாத அளவுக்கு சூடாகும், அதுதான் வேணும், அந்த சூட்டுலயே உள்ள ஈரம் காஞ்சிடும், அதுக்காகத்தான் பச்சைத்தண்ணிய விட கொதிச்ச தண்ணி, கரைக்கிறதுக்கு பச்சைத்தண்ணியே போதும். அந்தப் புனலையும் கெண்டியையும் திரும்ப சமையலுக்கு எடுக்காதீங்க, பிரைமர் புகையில ஈயம் இருக்கும், கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்க.

காஞ்ச துணி சுத்தமா வர்ற வரைக்கும் இழுத்துட்டு, அதுக்கப்புறம் சாதாரண சால்வென்ட், பிரஷ், கடைசியில மெலிசா எண்ணெ. துணி பச்சை நீலமா வந்தா அது செம்பு, பதறாதீங்க. பழுப்பு செவப்பா வந்தா துரு, மறுபடியும் தண்ணியிலேர்ந்து ஆரம்பிங்க. தண்ணி ஊத்த பயமா இருந்தா பேலிஸ்டால்னு ஒரு எண்ணெ இருக்கு, தண்ணியோட பால் மாதிரி கலந்துக்கும், அதுல துணிய நனைச்சி நெறைய தடவ இழுக்கலாம், தண்ணி காஞ்சதும் எண்ணெ நின்னுடும். ரேஞ்சுல அவசரத்துக்கு நல்ல சாமான்.

பேரலோட முடிச்சிட்டு போறவங்கதான் அதிகம். போல்ட் மொகத்த பாருங்க, பிரைமர அடிக்கிற ஊசி, அதான் ஃபயரிங் பின், வர்ற ஓட்டைய சுத்தி சாம்பல் வளையம் இருக்கும், அங்கயும் உப்பு. போல்ட்ட தனியா சுடுதண்ணியில அலசி, பின் நுனி, காலிக் கூட்ட இழுக்குற கொக்கி, அதான் எக்ஸ்ட்ராக்டர், அதோட அடி எல்லாம் பஞ்சுக் குச்சியால தொடச்சி காய வெச்சி எண்ணெ விடுங்க. ரெண்டு லீ என்ஃபீல்ட் வெச்சிருந்தா போல்ட்ட மாத்திப் போட்டுடாதீங்க, நம்பர பாத்து மாட்டுங்க. மொசினாகன்ட்ங்கிற ரஷ்ய ரைஃபிளோட போல்ட்ட கழட்டுனா பின்ன திரும்ப மாட்டும்போது பின்பக்க கோடு ரெண்டும் நேரா சேரணும். பேரல் வாய் ஓரத்தையும் விடாதீங்க. எஸ்கேஎஸ், ஏகே, கரேண்ட் மாதிரி கேஸ்ல ஓடுற துப்பாக்கின்னா வேலை ரெண்டு மடங்கு, பிஸ்டன், கேஸ் குழாய், கேஸ் சிலிண்டர் எல்லாம் தண்ணி பாக்கணும். பேரல் குரோம் பூசுனது அதனால கவலை இல்லைன்னு சொல்வாங்க, பேரலுக்கு சரி, கேஸ் குழாய்க்கு எவன் குரோம் பூசுனான்? ஆஸ்திரேலியாவுல 1996க்கு அப்புறம் இந்த மாதிரி செமி ஆட்டோ சாதாரண லைசன்ஸ்ல கெடைக்காது, அதனால இது அமெரிக்கா பக்கம் இருக்கவங்க தலைவலி.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணிய இழுத்துப் பாருங்க, அதுக்கும் அடுத்த நாள் இன்னொண்ணு. வெள்ளையாவே வந்தா வேலை முடிஞ்சது. அடுத்த தடவ சுடப்போறதுக்கு முன்னாடி உள்ள இருக்குற எண்ணெய காஞ்ச துணியால எடுத்துட்டுத்தான் சுடணும்.

ஏற்கனவே துருப்பிடிச்ச பேரல்னா, மொதல்ல தண்ணி ஊத்தி உப்ப வெளியேத்துங்க, உப்பு இருக்குற வரைக்கும் என்ன தேச்சாலும் திரும்ப வரும். அப்புறம் எண்ணெ ஊற விட்டு வெண்கல பிரஷ் போடுங்க. மேலாப்புல இருந்த ஆரஞ்சு பொடி போயிடும், குழி விழுந்தது போகாது, எந்த மருந்துக்கும் போகாது. ஆனா லேசா குழி இருந்தும் நல்லா குறி அடிக்கிற .303 எத்தனையோ இருக்கு, கன்ஸ்மித் பாத்து சரின்னு சொன்னா சுடுங்க, கழுவுறதுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் புடிக்கும், குழியில அழுக்கு தங்கும்.

தோட்டாவ வெக்கிறது பத்தி கொஞ்சம்: சீல் வெச்ச டப்பாவ தேவைப்படுற வரைக்கும் தொறக்காதீங்க, தொறந்ததும் ரப்பர் வளையம் வெச்ச அம்மோ டப்பாவுல மாத்தி சிலிக்கா ஜெல் போடுங்க. தோட்டா மேல எண்ணெ, டபிள்யூடி 40 எதுவும் அடிக்காதீங்க, பிரைமருக்குள்ள எறங்கிடும். ஆஸ்திரேலியாவுல துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியா பூட்டி வெக்கணும், மாநிலத்துக்கு மாநிலம் ரூல் மாறும், கிளப்புல கேட்டுக்கோங்க. உப்பு சரக்கு, சுத்தமான சரக்கு ரெண்டையும் ஒரே டப்பாவுல கலக்காதீங்க, மார்க்கர்ல பெருசா "தண்ணி ஊத்து"ன்னு எழுதி ஒட்டி வெச்சிட்டா வீட்டுல லைசன்ஸ் உள்ள வேற யாரு எடுத்துட்டுப் போனாலும் தெரியும்.

காலிக் கூட்ட திரும்ப மருந்து நெரப்பலாமான்னு கேக்குறவங்களுக்கு, பழைய பிரிட்டிஷ் .303 கூடு வேண்டாம், நான் சொன்ன அந்தப் பாதரசம் பித்தளைக்குள்ள எறங்கியிருக்கும், வெளிய பளபளன்னு இருக்கும், ரெண்டாவது தடவ சுடும்போது கழுத்தோ அடியோ பொளந்துடும், தண்ணியில கழுவுனாலும் அது போகாது. பெர்டான் பிரைமர கழட்டுறதும் சாதாரண கருவியால ஆகாது. அத பழைய பித்தளை வாங்குற கடைக்குப் போட்டுட்டு, நெரப்புறதுக்கு பிபியு இல்ல ஹெச்எக்ஸ்பி பாக்ஸர் கூட்ட சேத்து வெச்சிக்கோங்க.